லெஃப்ட் ஹாஃப் கடைசியில்

1

போன செவ்வாய்க்கிழமை இங்கே நகராட்சி அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். குடியுரிமைக்கு நீங்கள் எப்போதோ விண்ணப்பித்திருக்கலாமே, இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன அவசரம் என்று. ஹாக்கிக்காக என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் இடுப்பைப் பார்த்தாள். ஆடப்போவது நான் இல்லை, என் மகள் என்று விளக்கினேன். பதற்றம் வந்தால் என் டச்சு மொழி பாதியில் விட்டுவிட்டுப் போய்விடும். அப்படியும் அவளுக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினாள்.

விஷயம் இதுதான். என் மகள் ரூத்துக்குப் பதினைந்து வயது. நெதர்லாந்தின் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கும் பயிற்சி முகாமில் அவள் பெயர் வந்திருக்கிறது. முகாமுக்குப் போகலாம், அதில் தடையில்லை. ஆனால் நாட்டுக்காக ஆரஞ்சுச் சட்டை போட்டு ஆட வேண்டுமென்றால் இந்த நாட்டு பாஸ்போர்ட் வேண்டும். சிறு பிள்ளை தனியாக விண்ணப்பிக்க முடியாது, பெற்றவரோடு சேர்ந்துதான் முடியும். ரூத்தின் அப்பா எங்களோடு இல்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம். ஆக, நான்தான் மாற வேண்டும். மாறினால் என் நீல பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் கொடுத்துவிட வேண்டும். நம் சட்டம் இரண்டையும் வைத்துக்கொள்ள விடாது.

யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறேன். பால் எடுக்கப் போனால் கண்ணில் படுகிறது.

தேசபக்தி என்று நினைத்துவிடாதீர்கள். கொடியைப் பார்த்தால் கண் கலங்குகிற ஆள் இல்லை நான். என்னைத் தடுப்பது தாம்பரத்தில் இருக்கும் ஒரு மனுஷன். என் அண்ணன் ஜேக்கப்.

2

எங்கள் அப்பா ரயில்வேயில், தாம்பரம் மின்சார ரயில் பணிமனையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. மைதானம் என்று சும்மா சொல்கிறோம், சரளைக்கல் பரப்பிய இடம். பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று அதற்கே தெரியாது. அங்கேதான் அண்ணன் ஹாக்கி ஆடக் கற்றுக்கொண்டான். காலுக்குக் கட்டும் பேட் இரண்டும் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் வாங்கியது. ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. ஜோடியாகக் கிடைக்கவில்லை.

அவன் லெஃப்ட் ஹாஃப், நடு வரிசையில் இடது ஓரத்தில் நிற்பவன். ஹாக்கி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். இடது பக்கம் நிற்பவனுக்கு எதிராளி எப்போதும் மட்டையின் தப்பான பக்கமாகத்தான் வருவான். மட்டையைத் திருப்பி, உடம்பை வளைத்து, ஒரு கையால் எட்டிப் பந்தைப் பறிக்க வேண்டும். பறித்தால் யாரும் கை தட்ட மாட்டார்கள். விட்டால் ஊரே திட்டும். அந்த இடத்தில் என் அண்ணன் அழகாக ஆடினான். தங்கச்சி என்பதால் சொல்லவில்லை. எழும்பூர் ஸ்டேடியத்தில் அவன் லீக் ஆட்டம் இருந்தால் நானும் மின்சார ரயிலில் அவன் மட்டையைப் பிடித்துக்கொண்டு போவேன். ஆட்டம் எனக்கு அங்கேதான் புரிய ஆரம்பித்தது.

நான் பத்தாவது படிக்கும்போது அவனை இந்திய அணி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். குவார்ட்டர்ஸில் யார் எங்களைப் பார்த்தாலும் அதே பேச்சு. முகாம் முடிந்து வந்தான். அணி எப்போது அறிவிப்பார்கள் என்று காத்திருந்தோம். ஒருநாள் காலையில் பேப்பரில் வந்தது. அப்பா எங்களை உட்கார வைத்துப் படித்தார். கோல்கீப்பர் பெயர், பக்கத்தில் அவர் மாநிலம். ஃபுல் பேக்குகள், மாநிலம். ஃபார்வர்டுகள், மாநிலம். லெஃப்ட் ஹாஃபை மட்டும் தாண்டித் தாண்டிப் போனார். வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். எல்லாப் பெயரும் முடிந்தது. பேப்பரை மடித்தார். "காப்பி ஆறிடுது, குடிங்க" என்றார்.

அந்த இடத்தில் வேறொருவன் பெயர் இருப்பதை எங்களைக் கூப்பிடுவதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டிருக்கிறார். அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மைதானத்துக்குப் போனான். பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் ஹாக்கி டீம் சொன்னாலும் லெஃப்ட் ஹாஃப் கடைசியில்தான் வரும். யாரும் சட்டம் போடவில்லை. அப்படி ஆகிவிட்டது.

3

அப்பா போன பிறகு, நான் இங்கே வந்த பிறகு, அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் ஹாக்கிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவன் வீட்டுக்கு வந்திருப்பான், நான் போன் போடுவேன். நலமா, மழையா என்று ஆரம்பிக்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. எடுத்தவுடனே டீம்தான்.

எந்தப் போட்டி வந்தாலும் தேர்வுக்குழு அறிவிப்பதற்கு முன்னால் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு அணி எடுப்போம். அவன் சொல்வான், நான் குறுக்கே பேசக் கூடாது. நான் சொல்வேன், அவன் குறுக்கே பேசாமல் இருக்க மாட்டான். பிறகு சண்டை. பெனால்டி கார்னர் அடிக்க ஒருத்தன் கிடைத்துவிட்டால் போதும், அவனுக்கு ஓட்டமே வராவிட்டாலும் எடுத்துவிடுகிறார்கள் என்பது என் குறை. நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துகிற சென்டர் ஹாஃபை வளர்க்காமல் முன்னால் ஓடுகிற பையன்களாகவே பொறுக்குகிறார்கள் என்பது அவன் குறை. கோச்சை மாற்றிக்கொண்டே இருப்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒரே வயிற்றெரிச்சல். ஒரு கோச் வந்து பையன்கள் பெயரை மனப்பாடம் பண்ணுவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார். இதில் ஒலிம்பிக் பதக்கம் வேறு வேண்டுமாம். தலையில் அடித்துக்கொள்ளலாம்.

அது முடிந்ததும் அவனுடைய டீமுக்கு வருவோம். அண்ணன் ஆடியது ஒரு ஆபீஸ் டீமில். ஆடுவதை நிறுத்திய பிறகு அவனேதான் அதற்கு மேனேஜர். சென்னை லீகில் ஒரு காலத்தில் மேலே இருந்த டீம். இப்போது ஆபீஸில் விளையாட்டுக்காக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இருக்கிறவர்களே ஆடுகிறார்கள், முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு. "எந்த எடத்துல இருக்கோம்ணா?" என்று கேட்டால், "கீழ இருந்து பாத்தா நாமதான் ஃபர்ஸ்ட்டு" என்பான். சிரிப்பான். கடைசி இடத்து டீம் அடுத்த வருஷம் கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும். ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு டிராவில் தப்பித்துவிடுவார்கள். அந்த டிராவைப் பற்றி அவன் பேசினால் நாம் உலகக் கோப்பையே ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும்.

ரூத் அப்போது குட்டி. போனை ஸ்பீக்கரில் போட்டிருப்பேன், மடியில் உட்கார்ந்து கேட்பாள். தமிழில் அவள் தடங்கலில்லாமல் சொல்லக்கூடியது இரண்டே இரண்டு: ஆண்டவர் கற்பித்த ஜெபம், மாமா எடுத்த டீம்.

4

இங்கே ஹாக்கி வேறு மாதிரி. எங்கள் தெருமுனை கிளப்பில் பச்சை செயற்கைப் புல். ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் தெளிக்கிறார்கள், பந்து சொன்ன இடத்துக்குப் போகிறது. பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால் பெற்றவர்களுக்கும் வேலை உண்டு. முறை போட்டு கேன்டீனில் நிற்க வேண்டும், சீஸ் வைத்த ரொட்டி சுட்டுக் கொடுக்க வேண்டும். டாக்டர் அப்பாவும் சுடுகிறார், ஆஸ்பத்திரி லேபில் ரத்த மாதிரிக் குழாய் அடுக்குகிற நானும் சுடுகிறேன்.

கோச் இருபது சொச்சம் வயதுப் பெண். எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வருமா? கோச்சை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? முதல் வருஷம் முழுக்க அவளை எப்படியும் கூப்பிடாமலே ஓட்டினேன், அவள் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் போய் நிற்பேன். ரூத்துக்கு அவமானம் பிடுங்கித் தின்னும். கோட்டுக்கு வெளியே நின்று நான் "திருப்பு, திருப்பு!" என்று கத்துவதும் அவளுக்கு அவமானம். "அம்மா, இங்க யாரும் அப்படிக் கத்த மாட்டாங்க" என்று டச்சில் சொல்வாள். இப்போதெல்லாம் அவள் என்னிடம் பேசுவது பெரும்பாலும் டச்சில்தான். நான் தமிழில் கேட்கிறேன், அவள் அதில் பதில் சொல்கிறாள். சமைக்கவும் துணி மடிக்கவும் அது போதும். மனசு கனத்த நாளில் போதவில்லை.

அந்தக் கோச் ரூத்தை எந்த இடத்தில் நிறுத்தினாள் தெரியுமா? லெஃப்ட் ஹாஃப். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாக. அண்ணனிடம் சொன்னேன். "பாவம்மா, பேஜாரான எடமாச்சே" என்றான். குரலில் பெருமை தாங்கவில்லை.

5

இப்போது போன வருஷத்துக்கு வர வேண்டும். இந்த மார்ச்சோடு ஒரு வருஷம்.

பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு யாரை அனுப்புவது என்று அண்ணனும் நானும் பொங்கலிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தோம். பதினாறு பேருக்குத்தான் இடம். வலது ஓரத்தில் முன்னால் ஓடுகிற ரைட் அவுட்டுக்கு அவன் ஒருத்தனைச் சொன்னான், நான் இன்னொருத்தனைச் சொன்னேன். வாக்குவாதம் முற்றி ஒரு வாரம் அவன் போனையே எடுக்கவில்லை. சமாதானம் பேச அண்ணி வந்தாள். "ரெண்டு பேருக்கும் பைத்தியமா? அந்தப் பையனுக்கு நீங்க யாருன்னே தெரியாது" என்றாள். அண்ணன் ஆகஸ்ட் மாசத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். புது டி.வி. வாங்கிவிட்டான்.

இதில் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தே பார்க்காத விஷயம் ஒன்று. இந்தியா இன்னும் தகுதி பெறவில்லை. சிலி நாட்டில் நடந்த தகுதிப் போட்டியில் ஜெயித்தால்தான் பெய்ஜிங். அது எங்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். பேப்பரில் தேதிகூடப் போட்டிருந்தார்கள். ஆனால் இந்தியா இல்லாத ஒலிம்பிக் ஹாக்கி என்று ஒன்றை எங்கள் அப்பா பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுப்பது மாதிரி அது ஒரு சடங்கு என்று நினைத்தோம். முறைத்துக்கொண்டு சண்டை போட்டதெல்லாம் அடுத்த படிக்கு.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பிரிட்டனிடம் தோற்றுவிட்டது. ஷூவைப் போட்டவள் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்? ரூத் வந்து என் தோளைத் தொட்டு, என்ன ஆச்சு, மாமாவுக்கு ஏதாவதா என்று பயந்துபோய்க் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் பயம் போய் நிம்மதி வந்தது. "ஓ, மேட்ச்சா" என்றாள். குழந்தையைக் குறை சொல்ல முடியாது. யாரும் சாகவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தாள். வாக்கிங் போயிருக்கிறார் என்றாள். என் அண்ணன் பிறந்ததிலிருந்து வாக்கிங் போனதில்லை.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே எடுத்தான். நான் ஆரம்பித்தேன், "அண்ணா, டிஃபென்ஸுல..." என்று. அவன் குறுக்கிட்டான். "சாப்பிட்டியாம்மா?" என்றான்.

அண்ணன் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. சாப்பிட்டேன் என்றேன். குளிரா என்று கேட்டான். குளிர்தான் என்றேன். வேலை எப்படிப் போகுது என்றான். பிறகு இரண்டு பேருக்கும் எதுவும் அகப்படவில்லை. வைத்துவிட்டோம்.

அப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஞாயிறு தவறாமல் சாப்பிட்டியா, குளிரா, வேலை எப்படி. டீம் பற்றி நான் வாயெடுத்தால், "விடும்மா" என்பான். அவனுடைய ஆபீஸ் டீம் அந்த சீசனில் கடைசியாக வந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது என்பதே அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை. டிராவுக்கெல்லாம் கதை சொன்னவன், இறங்கினதைச் சொல்லவில்லை. மேனேஜர் வேலையையும் விட்டுவிட்டானாம். மட்டையை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டானாம்.

ஹாக்கி போனால் எங்களுக்குள் இன்னும் எவ்வளவோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். கூடப் பிறந்தவர்கள்தானே. ஒன்றுமே இருக்கவில்லை. அப்பாவைப் பற்றிக்கூட நாங்கள் ஹாக்கி வழியாகத்தான் பேசியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் என்மேல் வைத்த பாசம், நான் அவனுக்காகப் பட்ட வேதனை, எல்லாம் அந்தப் பதினாறு பேர் முதுகில் ஏறித்தான் போய் வந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில் ரூத்தின் பெயர் முகாம் பட்டியலில் வருகிறது. அவனிடம் நான் எப்படிச் சொல்வேன்? உன்னை நம் நாடு எடுக்கவில்லை, நம் நாடே ஒலிம்பிக்குக்குப் போகவில்லை, இப்போது நானும் என் பிள்ளையும் வேறு நாட்டுக்காரர்கள் ஆகப்போகிறோம் என்றா? அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் ஒருநாள் இந்தியாவுக்கு எதிராகவே மைதானத்தில் நிற்பாள். சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால்தான் காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கியது. பாஸ்போர்ட் போனால் என்ன, வெளிநாட்டு இந்தியர் அட்டை தருவார்களே, ஆயுசுக்கும் விசா வேண்டாமே என்று கூட வேலை செய்கிற குஜராத்திப் பெண் சொன்னாள். தருவார்கள். கேலரியில் உட்கார்ந்து பார்க்கலாம். டீமில் இடமில்லை.

7

இன்று ஞாயிறு. நான் போடுவதற்கு முன்னால் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அங்கிருந்து அவன் கூப்பிடுகிற பழக்கமே இல்லை. என்ன ஆச்சோ என்று எடுத்தேன்.

"ஒரு டீம் சொல்றேன்" என்றான். "குறுக்க பேசக் கூடாது."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு வருஷம் கழித்து. சொல்லு, சொல்லு என்றேன்.

கோல்கீப்பர் பெயரைச் சொன்னான். எனக்குப் புரியவில்லை. புதுப் பையனா, எந்த மாநிலம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பெயர். வான் டெர் என்று ஆரம்பித்து, நடுவில் தடுக்கி, மறுபடியும் முதலிலிருந்து எடுத்துச் சொன்னான். அடுத்தது அதைவிடக் கஷ்டமான பெயர். நெதர்லாந்துப் பெண்கள் அணியை என் அண்ணன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மூன்று நாளாகப் படித்திருக்கிறான். சும்மா ஒப்பிக்கவில்லை, தேர்ந்தெடுத்தான். இந்தப் பொண்ணுக்கு வேகம் போயிடுச்சு, உக்கார வெச்சுட்டேன் என்றான். சென்டர் ஹாஃபை மட்டும் அவன் திட்டவில்லை. "இவங்களுக்கு அது தெரியுதும்மா. நடுவுல ஆளை வளக்கறாங்க" என்றான். பழைய சூடு, பழைய குரல்.

பத்துப் பெயர் சொன்னான். நிறுத்தினான்.

போனில் அவன் தெருவில் போகிற ஆட்டோ சத்தம் கேட்டது.

"லெஃப்ட் ஹாஃப் நீ சொல்லு" என்றான்.

அப்பா பேப்பரை மடித்தது ஞாபகம் வந்தது. கடைசியில், "ரூத்து" என்றேன்.

அவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு அதட்டுகிற மாதிரி சொன்னான். "பேப்பர்ல பேர் வந்துடுச்சு இல்ல? வந்த பேரை இன்னாத்துக்கு மறைச்சு வெச்சுகினு கீறே? கையெழுத்தைப் போடும்மா."

யார் சொன்னது என்று கேட்டேன். ரூத்தேதான். பள்ளிக்கூடத்திலிருந்து அவளே போன் பண்ணியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், அம்மா அழறாங்க, நான் ஆட வேணாமா மாமா என்று கேட்டிருக்கிறாள்.

நான் கடைசியாக ஒன்றைத்தான் கேட்டேன். "அப்போ நம்ம டீம், அண்ணா? இந்தியா?"

"அதை நான் பாத்துக்கறேன்" என்றான். "நீ இனிமே அதைச் சொல்ல வேணாம்." கோபத்தில் சொல்லவில்லை. ஒரு சுமையை என் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிற மாதிரி சொன்னான். அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ஃப்ரிட்ஜிலிருந்து காகிதங்களை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்குக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ரூத் கிளப்புக்குப் போயிருந்தாள், வீட்டில் யாருமில்லை. இன்னும் நான் இந்தியாக்காரிதான், ஒரு டீம் எடுக்கிற உரிமை எனக்கு இருக்கிறது என்று தோன்றியது. அடுப்படியில் நின்றபடி வாய்விட்டுச் சொன்னேன். கோல்கீப்பர், அவர் மாநிலம். ஃபுல் பேக், மாநிலம். ரைட் அவுட்டுக்கு அண்ணன் சொன்ன பையனையே எடுத்துக்கொண்டேன், போகட்டும். பத்துப் பேர் ஆனார்கள்.

கடைசியில் லெஃப்ட் ஹாஃப். ஜேக்கப், தமிழ்நாடு.